வேலியோரப் பாதை

இங்கிலாந்தின் தென்கரையோரம் சிச்செஸ்டர் என்று ஒரு பழைய ஊர். அதை ஒட்டி இருந்தது வெஸ்ட்ஹாம்ப்னெட் விமானத் தளம். இரண்டாம் உலகப்போரில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் அங்கிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி பிரான்ஸ் வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தன. ஆனால் அந்தத் தளத்தில் ரன்வே கிடையாது. சிமென்ட் இல்லை, தார் இல்லை, வெறும் புல்தரைதான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு விமானங்கள் ஓடி எழும்பின.

தார் போட்டது வேறோர் இடத்தில். மைதானத்தைச் சுற்றி, வேலியை ஒட்டினாற்போல் ஒரு பாதை. நீளம் 3.8 கிலோமீட்டர். அதிலிருந்து விமானம் பறப்பதில்லை. நிறுத்திய இடத்திலிருந்து புறப்படும் இடம்வரை மெல்ல உருண்டு போவதற்கும், பெட்ரோல் லாரியும் குண்டு ஏற்றிய வண்டியும் போய்வருவதற்கும்தான் அந்தப் பாதை. போர் முடிந்து எண்பது வருடமாகிறது. இன்று அந்த வேலியோரப் பாதையைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் கூட்டம் வருகிறது. குட்வுட் மோட்டார் பந்தயத் தடம் என்று அதற்குப் பெயர்.

நிலம் ரிச்மண்ட் டியூக் வம்சத்தாருடையது. குட்வுட் என்பது அவர்களுடைய பண்ணையின் பெயர். பந்தயம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. மூன்றாம் டியூக் காலத்தில், 1802இல், பக்கத்துக் குன்றின்மேல் குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டார்கள். அது இன்றும் நடக்கிறது. ஆனால் நம் கதைக்கு வேண்டியவர் ஒன்பதாம் டியூக், ஃப்ரெடி மார்ச். 1904இல் பிறந்தவர். அவருக்குக் குதிரையில் நாட்டமில்லை, எஞ்சினில்தான் நாட்டம். பெண்ட்லி கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்து கையில் கிரீஸ் படிய வேலை பார்த்தார். 1930இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில், சாமி டேவிஸ் என்பவரோடு சேர்ந்து, ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை ஓட்டி ஜெயித்தார். அடுத்த வருடம் அதே தடத்தில் எம்.ஜி. காரில் இன்னொரு பெரிய பந்தயத்தையும் ஜெயித்தார். விமானமும் ஓட்டுவார். ஒரு நண்பரோடு சேர்ந்து ஒரு சிறிய விமானத்தை வடிவமைத்தும் பார்த்தார்.

1935இல் பட்டம் அவரிடம் வந்தது. கூடவே வரியும் வந்தது. ஏழு வருட இடைவெளியில் இரண்டு டியூக்குகள் காலமானதால் வாரிசு வரி இருமுறை விழுந்து, ஸ்காட்லாந்தில் இருந்த பெரும் சொத்தை விற்க வேண்டியதாயிற்று. கையில் நின்றது குட்வுட்தான்.

சில கிலோமீட்டர் தள்ளி டாங்மியர் என்ற பெரிய விமானப்படைத் தளம் இருந்தது. போர் வரும் போலிருந்த 1938இல், அந்தத் தளத்து விமானங்கள் ஆபத்துக்கு இறங்க ஒரு மாற்றுத் திடல் தேடினார்கள். ஃப்ரெடி தன் பண்ணை வயல்களில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம். கட்டடம் இல்லை, படையணி இல்லை. டாங்மியரில் இறங்க முடியாதவன் வந்து இறங்கிக்கொள்ள ஓர் இடம்.

1940 கோடையில் ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்து, கடலுக்கு அந்தக் கரையில் வந்து நின்றது. மாற்றுத் திடல் ஒரே மாதத்தில் முன்னணித் தளமாயிற்று. ஜூலையில் 145ஆம் படையணி ஹரிக்கேன்களோடு வந்தது. ஆகஸ்ட் நடுவில் கிளாஸ்கோ நகரத்தின் 602ஆம் படையணி ஸ்பிட்ஃபயர்களோடு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. வந்த சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 16 அன்று, டாங்மியரை ஜெர்மானிய ஸ்டூக்கா விமானங்கள் நொறுக்கின. பெரிய தளம் புகைந்துகொண்டிருக்க, புல்தரைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. மேலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு வயல் மாதிரிதான் தெரியும் என்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

ஆனால் வயல் வயல்தான். மழை பெய்தால் நீர் தேங்கும், சேறாகும். விமானங்களையும் ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தி வைக்க முடியாது, ஒரு குண்டு விழுந்தால் எல்லாம் போய்விடும். எனவே திடலின் ஓரம் முழுக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிரித்து நிறுத்தினார்கள். அந்த இடங்களையெல்லாம் இணைக்கச் சேறில்லாத ஒரு பாதை வேண்டும். வேலியோரப் பாதை அப்படித்தான் வந்தது.

இதில் ஸ்பிட்ஃபயரின் சுபாவத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானத்தில் அது எப்படியோ, தரையில் மகா தொந்தரவு பிடித்த விமானம். வால் தரையில் கிடக்கும், நீண்ட மூக்கு மேல்நோக்கி நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் போக வேண்டும். கரடுமுரடான தரை என்றால் முன்பக்கம் குப்புற விழாமலிருக்க வால் மேல் ஓர் ஆளை உட்காரவைத்து ஓட்டுவார்கள். இதற்கு மேல் சூடு வேறு. எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கும். தரையில் நிற்கும்போது அதற்குப் போதிய காற்று கிடைக்காது. சில நிமிடம் அதிகம் உருண்டாலே குளிர்விக்கும் திரவம் கொதிக்க ஆரம்பித்துவிடும். எனவே பாதை கெட்டியாக இருக்க வேண்டும், வளைவுகள் இதமாக இருக்க வேண்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஒரு பந்தயத் தடத்துக்கு எழுத வேண்டிய இலக்கணம் ஏறக்குறைய இதேதான். போட்டவர்கள் மனதில் அந்த எண்ணம் துளியும் இருந்திருக்காது.

1941இல் இங்கே இரண்டு படையணிகள் இருந்தன, 610உம் 616உம். டாங்மியர் அணியின் தலைவராக வந்தவர் டக்ளஸ் பேடர். பத்து வருடம் முன்பு ஒரு விமான விபத்தில் இரண்டு காலையும் இழந்தவர். தகரக் கால்களோடு திரும்ப வந்து, விமானப்படையை வற்புறுத்தி மறுபடி பறந்தவர். பழகக் கடினமான மனிதர், ஆனால் கீழே இருந்தவர்கள் அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள். அதுவரை பிரிட்டிஷ் விமானிகள் மூன்று மூன்றாக, நெருக்கமாக, அம்பு முனை போலப் பறந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் பக்கத்து விமானத்தில் இடிக்காமல் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும், பின்னால் வரும் எதிரி கண்ணில் படமாட்டான். ஜெர்மானியர்கள் நால்வராக, விரித்த விரல்களைப் போல இடம் விட்டுப் பறந்தார்கள். அந்த முறையை எடுத்துக் கையாண்டதில் பேடரின் அணி முன்னோடி.

1941 ஆகஸ்ட் 9 அன்று பேடர் வெஸ்ட்ஹாம்ப்னெட் புல்தரையிலிருந்து கிளம்பினார். திரும்பவில்லை. பிரான்ஸின் மேல் விமானம் உடைந்தது. குதிக்கும்போது ஒரு செயற்கைக் கால் விமானத்துக்குள் மாட்டிக்கொள்ள, வார் அறுந்து, ஒற்றைக் காலோடு பாராசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டார். ஜெர்மானியர்கள் தகவல் அனுப்ப, பத்து நாள் கழித்து ஒரு குண்டுவீச்சுப் பயணத்தின் நடுவே பிரிட்டிஷ் விமானம் ஒன்று பெட்டியில் மாற்றுக் காலைப் பாராசூட் கட்டிப் போட்டது. அந்தக் காலை மாட்டிக்கொண்டு அவர் தப்பிக்கப் பார்த்தது தனிக்கதை. 2001இல், அதே ஆகஸ்ட் 9 அன்று, குட்வுட்டில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மனைவிதான் திறந்துவைத்தார்.

பேடரைப் பற்றிப் படம் எடுத்தார்கள், புத்தகம் எழுதினார்கள். இந்தத் தளத்தின் பிற்காலத்தைத் தீர்மானித்தவர் பெயரோ வெளியே அதிகம் தெரியாது. டோனி கேஸ், ஆஸ்திரேலியர், 610ஆம் படையணி விமானி. 1941இல் அவருக்கு இருபத்தொரு வயது. அவருடைய தம்பி ஸ்காட் அதே படையணியில் இருந்தான். அந்த வருடம் மார்ச்சிலேயே இறந்துபோனான். இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள் நாளுக்கு இருமுறை சாவைப் பார்த்துவிட்டு வரும் இடம் அது. பறக்காத நேரத்தில் என்ன செய்வார்கள்? வைத்திருந்த பழைய எம்.ஜி. காரையும் மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வேலியோரப் பாதையில் விரட்டினார்கள். பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். அந்தக் கணக்கெல்லாம் யார் பார்த்தார்கள்!

1942இல் அமெரிக்கர்கள் வந்தார்கள். 31ஆம் போர் விமானக் குழுவினர் சொந்த விமானம் இல்லாமல் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்களை வாங்கி, ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் டியெப்மீது நடந்த தாக்குதலுக்கு இங்கிருந்து பறந்தார்கள். அதற்குப் பிறகும் படையணிகள் வந்தன, போயின. 1946 மே மாதம் விமானப்படை தளத்தை மூடிவிட்டுக் கிளம்பியது. பண்ணைக்காரருக்கு வயல் திரும்பக் கிடைத்தது, சுற்றிலும் தார் போட்ட ஒரு வளையத்தோடு.

இந்த இடத்தில் பிரிட்டனின் ஒரு விசித்திரமான நெருக்கடியைச் சொல்ல வேண்டும். அன்று பிரான்சிலும் இத்தாலியிலும் பொதுச் சாலையை மறித்துப் பந்தயம் விட முடிந்தது. இங்கிலாந்தில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் 1907இலேயே புரூக்லண்ட்ஸ் என்ற தனித் தடத்தைக் கட்டினார்கள். போரில் அங்கிருந்த விமானத் தொழிற்சாலைகள் பெருகித் தடத்தை உடைத்துப் பரவின. 1946இல் அந்த இடமே விக்கர்ஸ் விமானக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. டோனிங்டன் தடத்தில் ராணுவ லாரிகள் அடுக்கி நின்றன. கார் இருக்கிறது, ஓட்டுகிறவன் இருக்கிறான், பார்க்கிறவனும் இருக்கிறான். ஓட்ட ஓர் இடம் இல்லை. அதே சமயம் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான விமானத் தளங்கள் புல் முளைத்துக் கிடந்தன.

1947இல் சில நண்பர்கள் சில்வர்ஸ்டோன் என்ற கைவிட்ட தளத்துக்குள் அனுமதியில்லாமல் புகுந்து தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆடும் போயிற்று, காரும் போயிற்று. 'ஆட்டுக்கறி கிராண்ட் பிரி' என்று இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சில்வர்ஸ்டோனில்தான் 1950 மே 13 அன்று உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஸ்நெட்டர்டன், திரக்ஸ்டன், காஸில் கூம் என்று இன்னும் பல தடங்கள் இப்படிப் பிறந்தவை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஸீப்ரிங் தடமும் ஒரு குண்டுவீச்சு விமானப் பயிற்சித் தளம்தான்.

வெஸ்ட்ஹாம்ப்னெட்டைப் பற்றி டியூக்கின் காதில் போட்டவர் டோனி கேஸ். போர் முடிந்து பார்த்தபோது, உங்கள் வயலைச் சுற்றிய பாதையில் எப்போது பந்தயம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். கேட்டது பந்தயக்காரரான டியூக்கிடம். வேறு நிலச்சுவான்தார் யாராவது இருந்திருந்தால் தாரைப் பெயர்த்துவிட்டு உருளைக்கிழங்கு போட்டிருப்பார். ஃப்ரெடி தானே பாதையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார், சரி என்றார்.

1948 செப்டம்பர் 18, சனிக்கிழமை. ஜூனியர் கார் கிளப் என்ற அமைப்பு பந்தயத்தை நடத்தியது. பெட்ரோல் ரேஷன் இன்னும் தீரவில்லை. டியூக் தன் பிரிஸ்டல் 400 காரில் ஒரு சுற்று வந்து தடத்தைத் திறந்துவைத்தார். பிரிட்டனின் பெருநிலத்தில் போருக்குப் பிறகு நிரந்தரத் தடம் ஒன்றில் முறையாகப் பொதுமக்கள் பார்க்க நடந்த முதல் கார்ப் பந்தய நாள் அது. சில்வர்ஸ்டோனை இரண்டு வாரத்தில் முந்திக்கொண்டது.

அன்றைய முக்கியப் பந்தயத்தில் ரெக் பார்னெல் மசெராட்டி ஓட்டி ஜெயித்தார். ஆனால் பின்னாளில் எல்லோரும் பேசியது ஒரு சிறு பந்தயத்தைப் பற்றி. 500 சிசி வண்டிகள், மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் பொருத்திய பூச்சிகள். கூப்பர் என்ற அப்பா, பிள்ளை இருவரும் தங்கள் கராஜில் செய்தவை. அதில் ஜெயித்த பையனுக்கு முந்தின நாள்தான் பத்தொன்பது முடிந்திருந்தது. பெயர் ஸ்டர்லிங் மாஸ். எஞ்சினைப் பின்னால் வைக்கும் அந்தக் கூப்பர் யோசனை பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஃபார்முலா ஒன்னையே புரட்டிப் போட்டது.

தடத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். புறப்பட்டவுடன் மாட்ஜ்விக், வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும் வளைவு. இதோ முடிந்தது என்று நினைத்தால் இன்னும் இருக்கும். பிறகு ஃபோர்ட்வாட்டர், பார்க்க நேர்ச்சாலை மாதிரி, ஆனால் நேர்ச்சாலை இல்லை. காலை எடுக்காமல் போகிறவன் தைரியசாலி. அடுத்து செயின்ட் மேரீஸ், தரை சரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பிறகு லாவன்ட், நீண்ட நேர்ச்சாலை, வுட்கோட். 1952இல், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு நெளிவு சேர்த்தார்கள், வேகத்தைக் குறைக்க. சுற்றளவில் வேறு மாற்றமில்லை. கூர்மையான திருப்பம் என்று ஒன்றுகூட இல்லாததால்தான் அந்த வேகம். காரணம் நமக்குத் தெரியும், ஸ்பிட்ஃபயருக்குக் கூர்மையான திருப்பம் ஆகாது.

பதினெட்டு வருடம் பந்தயம் நடந்தது. 1952இல் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் ஒன்பது மணி நேரப் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் நடந்தது, மூன்றிலும் ஆஸ்டன் மார்ட்டின் ஜெயித்தது. முதல் வருடம் பெட்ரோல் நிரப்பும்போது அவர்கள் கார் தீப்பிடித்தது. 1959இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் பட்டத்தைத் தீர்மானிக்கும் பந்தயத்தில் மறுபடியும் பெட்ரோல், மறுபடியும் தீ. பக்கத்தில் தனியாக ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தன் காரையே விலக்கிக்கொண்டு ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குப் பெட்ரோல் நிரப்ப இடம் கொடுத்தார். மாஸ் தோழர்களின் காருக்கு மாறி உட்கார்ந்து ஜெயித்தார், பட்டமும் கிடைத்தது. பணம் புகுந்த இன்றைய பந்தயத்தில் அப்படி இடம் கொடுக்கிற ஆளைத் தேட வேண்டும்.

மாஸின் கதை தொடங்கிய தடத்திலேயே முடிந்தது. 1962 ஏப்ரல் 23, ஈஸ்டர் திங்கள். செயின்ட் மேரீஸ் அருகே அவருடைய லோட்டஸ் தடத்தை விட்டு விலகி மண்மேட்டில் மோதியது. நசுங்கிய காரை வெட்டி அவரை எடுத்தார்கள். ஒரு மாதம் நினைவில்லை, ஆறு மாதம் இடப்பக்கம் செயலிழந்து கிடந்தார். மறு வருடம் அதே குட்வுட்டுக்கு வந்து தனியாக ஓட்டிப் பார்த்தார். கை தானாகச் செய்த வேலையை இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

1966இல் டியூக்கும் நிறுத்திக்கொண்டார். கார்கள் தடத்தை மிஞ்சிய வேகத்துக்குப் போய்விட்டன. இன்னும் நெளிவுகள் சேர்க்கச் சொன்னார்கள். தடத்தின் அழகைக் கெடுத்துக்கொண்டு நடத்துவதைவிட மூடுவதே மேல் என்பது அவர் முடிவு. அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆள் சேதம் குறைந்தது என்பதற்காக மட்டுமல்ல. மற்றத் தடங்களெல்லாம் வருடா வருடம் வெட்டி ஒட்டி அடையாளம் மாறிப்போக, இது மட்டும் மாறாமல் நின்றது. சோதனை ஓட்டங்கள் தொடர்ந்தன. 1970 ஜூன் 2 அன்று நியூசிலாந்துக்காரர் புரூஸ் மெக்லாரன் தன் புதுக் காரைச் சோதித்தபோது, நேர்ச்சாலையில் பின்புற மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பி, கார் நிலை தவறி மோதியதில் இறந்தார். வயது 32. இன்றும் ஃபார்முலா ஒன்னில் ஓடும் மெக்லாரன் அணி அவர் தொடங்கியது.

ஃப்ரெடி 1989இல் காலமானார். பேரன் சார்ல்ஸ் தடத்தை மீட்க நினைத்தார். சுற்றுக் கிராமத்தார் சத்தத்துக்கு அஞ்சினார்கள். அனுமதி வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல், 1993இல் தன் மாளிகைத் தோட்டத்துப் பாதையிலேயே கார்களை மேடேற விட்டு ஒரு விழா நடத்தினார். அதுவே இன்று உலகப் புகழ்பெற்ற 'வேகத் திருவிழா'. தடம் மறுபடி திறந்தது 1998 செப்டம்பர் 18 அன்று. சரியாக ஐம்பது வருடம். தாத்தா ஓட்டிய அதே ரகப் பிரிஸ்டல் 400 காரில் பேரன் முதல் சுற்று வந்தார். அன்று முதல் செப்டம்பரில் விழா. 1966க்கு முந்தைய வண்டிகள் மட்டுமே ஓடும். பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்துத் தொப்பி, கோட்டு, கவுன் என்று உடுத்திக்கொண்டு வருகிறார்கள். ஒரு பக்கம் ஸ்பிட்ஃபயர்கள் எழும்பும்.

அந்த வேடம் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. ஸ்காட் கேஸ் செத்த வருடத்தின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஷாம்பெயின் குடிப்பதில் ஏதோ நெருடுகிறது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. காசு வரும் ஒரு விழா இருப்பதால்தான் புல்தரை இன்றும் புல்தரையாக இருக்கிறது. சிறு விமானங்கள் இறங்கி ஏறும் தளமாக அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காசு கொடுத்தால் இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் பறந்துவிட்டும் வரலாம். டோனி கேஸ் 2013இல், 93 வயதில் இறந்தார். உலக சாம்பியன் பட்டப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் ஆஸ்திரேலியர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

போர் விட்டுப்போன தளத்தில் பந்தயம் முளைத்த இந்தக் கதைக்கு நம் ஊரிலும் ஒரு கிளை உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னை காலியாயிற்று. மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போரின்போது சென்னை மாகாணத்தில் போட்ட ஓடுதளங்கள் பல. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரம்.

சென்னை மோட்டார் விளையாட்டுக் கிளப் 1953இல் உருவானது. சோழவரம் ஓடுதளம்தான் அதன் பந்தயத் திடல். இங்கே வேலியோரப் பாதையெல்லாம் இல்லை, ரன்வேயிலேயே ஓட்டம். ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் என்ஃபீல்டும் ஓடின. வெளிநாட்டு வண்டி எளிதில் இறக்குமதி செய்ய முடியாத காலம், அதனால் கராஜில் சொந்தமாக உருவாக்கிய கார்கள் ஓடின. கோயம்புத்தூர் கரிவரதன் அதில் வல்லவர். மாருதி எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்கள் அடுத்த தலைமுறைக்கே பள்ளிக்கூடமாயின. எண்பதுகளில் டி.வி.எஸ். அணி மொபெட்டைக் கொண்டுவந்தே பந்தயம் விட்டது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதும் சோழவரத்தில்தான். இலங்கையிலும் இதே கதை. களுத்துறை அருகே கட்டுகுருந்தாவில் பிரிட்டிஷ் கடற்படை விட்டுப்போன விமானத் தளத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது.

கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கட்டிக்கொண்டு 1990இல் அங்கே போனபிறகு சோழவரம் ஓய்ந்தது. பந்தயவீரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டி வளர்ந்தது இருங்காட்டுக்கோட்டையில். சோழவரத்துத் தலைமுறையின் பெயர் வேறொரு வழியில் உலகம் ஏறியது. கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். குட்வுட் விழாக்களிலும் பழைய பந்தயக் கார்களை ஓட்டியிருக்கிறார்.

வெஸ்ட்ஹாம்ப்னெட்டில் எந்த நாள் எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதுவரை படையணிக் குறிப்பேடுகளில் இருக்கிறது. நம் ஓடுதளங்களுக்குக் கல் உடைத்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், தார் காய்ச்சியவர்கள் கதை அவர்கள் பிள்ளைகளின் நினைவில்தான் இருக்கிறது. சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர்களில் பலருக்கு இன்று அறுபதுக்கு மேல் வயதிருக்கும். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் பக்கத்து வாசகர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அலமாரியில் பழைய புகைப்படம் இருந்தால், பின்பக்கத்தில் வருடத்தையும் ஆட்களின் பெயரையும் குறித்து வையுங்கள்.